அக்காவுக்கு நான் வாசித்துச் சொன்ன கிரீம்

“இவ்ளோ எழுதியிருக்கான், நீ சொன்னது இத்துனூண்டு. முழுசாப் படிச்சியா, இல்ல தெரிஞ்சத மட்டும் படிச்சியா?”

அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவள் கையில் பாதி பிழிந்து மடித்த ஒரு கிரீம் டியூப் இருந்தது. அதை முன்னும் பின்னும் திருப்பி, எழுத்து இருந்த இடங்களையெல்லாம் கட்டைவிரலால் தடவிக் காட்டினாள். அக்காவுக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எவ்வளவு எழுதியிருக்கிறது, அதற்கு நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று அளந்து பார்க்கத் தெரியும்.

எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். சுருக்கென்று கோபம் வந்தது. “நம்பிக்கை இல்லன்னா வேற யாருகிட்டயாவது போய்க் கேளு” என்றேன். வேறு யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

“அம்மாடி, கோவத்தப் பாரு. நீ சொன்னா சரிதான் பாப்பா” என்று அக்கா டியூப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தபோது அக்கா இடுப்புக் குழந்தை. நான் இங்கேயே, ஜங்புராவில் பாரபுல்லா நாலா என்ற பெரிய சாக்கடையை ஒட்டித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்தேன். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஒன்று. கோட்டி என்று நாங்கள் சொல்லும் பெரிய வீடுகளுக்கு அம்மா வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது அவளுக்கு அந்த வயது தாண்டிப் போயிருந்தது. காலையில் என்னைத் தமிழ்ப் பள்ளியின் வாசலில் விட்டுவிட்டு அப்படியே பாத்திரம் தேய்க்கப் போவாள். சில வருடங்களில் சமையல் வேலைக்கு உயர்ந்தாள். உயர்ந்தாள் என்றுதான் நாங்கள் சொல்வோம். பாத்திரம் தேய்ப்பவள் பின்வாசலோடு நிற்பாள், சமைப்பவள் ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

கேம்ப்பில் எங்கள் சந்துக்கு நான்தான் வாசிப்பவள். பென்ஷன் காகிதம், ரேஷன் கடையிலிருந்து போனுக்கு வந்த செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை அட்டை, கோட்டி மேடங்கள் வேண்டாமென்று கொடுத்தனுப்பிய ஷாம்பு, லோஷன், எல்லாம் என்னிடம் வரும். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவருகே யாராவது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என்னைவிட மூன்று மடங்கு வயதானவர்கள் நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பார்கள். ‘தெரியாது’ என்று நான் அவர்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரு சொல் புரியாவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் சொற்களை வைத்து இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். சரியாக இருந்ததால்தான் அந்தப் பழக்கம் விடவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் அப்பாவின் மூக்கு. அகலமான, எண்ணெய் வழியும் மூக்கு. மூக்கிலும் அதையொட்டிய கன்னத்திலும் கண்ணுக்குத் தெரிகிற குழிகள், குழிகளில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். “ஊத்தப்பத்துல ஓட்ட உழுந்த மாரி கீது நம்ம மூக்கு” என்பாள் அக்கா. எனக்குப் படிக்கும்போது தானாக வழிகிற எண்ணெய் மட்டும்தான். அவளுக்கு நான்கு வீட்டு அடுப்பின் ஆவியும் தாளிப்புப் புகையும் சேர்ந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்து, “இதுல ஒரு அப்பளம் பொரிக்கலாம்டி” என்று காட்டுவாள்.

அந்தக் கரும்புள்ளிகளை எடுக்க அவள் செய்யாததில்லை. சோறு வடிக்கும்போது ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டு ஹேர்பின்னின் வளைந்த பக்கத்தால் அழுத்துவாள். பிழிந்த எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டுத் தேய்ப்பாள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாளென்று பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் பேஸ்ட் போட்டு மூக்கைத் தேய்த்து, தோல் உரிந்து, மறுநாள் வேலைக்குப் போகும்போது பவுடரை அப்பிக்கொண்டு போனாள். நாலு நாளில் புள்ளிகள் திரும்பி வந்துவிடும்.

இது அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு நாள் ரொட்டி இட்டுக்கொண்டிருந்தபோது அவள் வேலை செய்த ஒரு வீட்டு மேடம் கிட்டே வந்து உற்றுப் பார்த்து, “மூக்கில் எவ்வளவு அழுக்கு பார், முகம் கழுவவே மாட்டாயா?” என்று இந்தியில் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை. சமையல்காரியின் மூக்கில் அழுக்கு என்று ஒருமுறை தோன்றிவிட்டால், அடுத்து அவள் நகத்தைப் பார்ப்பார்கள், அதற்கடுத்து பிசைந்த மாவைப் பார்ப்பார்கள். அந்த மேடம் கெட்டவரில்லை. வெளிநாடு போய்விட்ட தன் மகளின் மேசையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துவந்து, “இதைப் போடு, என் மகளுக்கு முகம் கண்ணாடி மாதிரி ஆயிற்று” என்று அவரே கொடுத்தார்.

அதுதான் நான் வாசித்த டியூப்.

அதில் இருந்ததை இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும். முன்பக்கம் மூன்று மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு ரயில் நீளம். மூன்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இரவில் மெல்லியதாகத் தடவவும் என்று ஒரு வரி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. பின்பக்கம் சிவப்புக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒரு வரி. அதை வாசித்தேன். புரிந்தது. இது கடைக்காரனுக்காக எழுதியது, நமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: “ராத்திரியில கொஞ்சமா தடவணும். கரும்புள்ளி போயிடும். குழி மூடிக்கும்.” கடைசி இரண்டும் அந்த டியூப்பில் எங்கேயும் இல்லை.

அன்றிரவே முகம் கழுவிவிட்டு அதைத் தடவிக்கொண்டாள். மிச்சம் விரல் நுனியில் இருந்ததை என் பக்கம் நீட்டினாள். “நீயும் போடுடி. ஒனக்கும் அதே மூக்குதான.”

“எனக்கு அந்த வாசனை புடிக்கல” என்றேன்.

அதில் வாசனையே இல்லை.

கிரீம் வேலை செய்தது. அதுதான் இதில் பெரிய கொடுமை. ஒரே மாதத்தில் அக்காவின் முகம் மழமழவென்று ஆகிவிட்டது. குழிகள் தெரியவில்லை, நிறமும் தெளிந்தது. கேம்ப்பில் எல்லோரும் நிறுத்திக் கேட்டார்கள். “எங்க பாப்பா பாத்துச் சொன்ன மருந்து” என்று அவள் என்னைக் கைகாட்டினாள். டியூப் தீர்ந்ததும் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மருந்துக் கடைக்காரர் அந்தச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். டாக்டர் எங்கே என்று அவரும் கேட்கவில்லை. அந்தத் துண்டுக் காகிதம் கிழியும்போதெல்லாம் நான் புதிதாக எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு மேல் அது நடந்தது.

நான் கல்லூரிக்குப் போனேன். கையில் ஒரு போன் வந்தது. வகுப்பில் மற்ற பெண்களின் முகத்தைப் பார்த்து என் மூக்கைப் பற்றி எனக்கும் கவலை வந்தது. ஆனால் எனக்காகத் தேடும்போது நான் வேறு மாதிரி வாசித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். புரியாத ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் போட்டுத் தேடினேன். மூக்கில் குழி இருப்பது நோயில்லை, அது எந்தக் கிரீமாலும் மூடிக்கொள்ளாது, எண்ணெய் குறைந்தால் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டேன். கரும்புள்ளி அழுக்கே இல்லை. உள்ளே சேர்ந்த எண்ணெயும் உதிர்ந்த தோலும் காற்றுப் பட்டுக் கறுத்துப்போவது. பிரஷ் வைத்துத் தேய்த்தாலும் பின் வைத்து நோண்டினாலும் குழி பெரிதாகத்தான் ஆகும். சாலிசிலிக் அமிலம் கலந்த ஒரு சிறிய ஃபேஸ்வாஷ் வாங்கினேன். ஒரு பிளேட் மோமோ சாப்பிடாமல் இருந்தால் வாங்கிவிடக்கூடிய விலைதான். முதலில் ஆசைப்பட்டு காலையும் மாலையும் போட்டு மூக்கு உரிந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று குறைத்தேன். மற்ற நாட்களில் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவல், பகலில் வெயிலுக்கு ஒரு சன்ஸ்கிரீன். இரண்டு மாதத்தில் புள்ளிகள் குறைந்தன. அந்த ஃபேஸ்வாஷ் என் கல்லூரிப் பையிலேயே இருந்தது. அக்காவுக்குத்தான் நல்ல கிரீம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

போன வருஷம் கேம்ப்பை இடித்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. அதற்கு மாற்றாக அரசு எங்களுக்கு நரேலாவில் ஒரு ஃபிளாட் கொடுத்தது. கிடைக்காதவர்களும் இருந்தார்கள், அதனால் நாங்கள் வாய் திறந்து குறை சொல்வதில்லை. ஆனால் நரேலா தில்லியின் ஒரு கோடி, ஜங்புரா இன்னொரு பக்கம். நடந்துபோய் நான்கு வீட்டில் சமைத்த அக்கா இப்போது இரண்டு பஸ் மாறி இரண்டு மணிநேரம் போக வேண்டும். காலை ஏழு மணிக்கு ரொட்டி வேண்டும் என்ற வீடுகள் ஒவ்வொன்றாக வேறு ஆள் பார்த்துக்கொண்டன. மூன்று வீடு போனது. அம்மாவுக்கு முட்டிவலி, அவள் வேலையும் நின்றது. மிச்சமிருந்தது அந்த ஒரு வீடு, டியூப் கொடுத்த மேடத்தின் வீடு. “ஒன்பது மணிக்கு வந்தாலும் பரவாயில்லை” என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். எங்கள் மூன்று பேரின் சாப்பாடும் அந்த ஒரு அடுப்பில் இருந்தது.

நரேலாவுக்குப் போன சில மாதங்களில், ஒரு மத்தியானம், சன்ஸ்கிரீன் பற்றி எதையோ வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மூன்று பெயர்களும் வரிசையாக என் போனில் வந்தன. எத்தனையோ தடவை துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த பெயர்கள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அதில் ஒன்று ஸ்டீராய்டு. டாக்டர் பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டியது. மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்துபோகும், ரத்த நரம்பு தெரியும், முடி முளைக்கும், அது இல்லாமல் முகம் இருக்க முடியாத நிலை வரும் என்று எழுதியிருந்தது. தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் சிவப்பாக நூல் நூலாகக் கோடுகள். தாடையில் பூனைமுடி. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதால் என்று அதுவரை நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “அக்கா, அந்தக் கிரீம இனிமே போடாத.”

“ஏன்?”

“அது பழசு. இப்ப வேற நல்லது வந்திருக்கு.” பையிலிருந்து என் ஃபேஸ்வாஷை எடுத்துக் கொடுத்தேன்.

“அச்சா” என்று வாங்கிக்கொண்டாள். அன்றோடு கிரீமை நிறுத்திவிட்டாள். நான் சொன்னால் அவள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டாள்.

அப்படிச் சட்டென்று நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும், டாக்டரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும் என்பது அதே பக்கத்தில் கீழே எழுதியிருந்தது. நான் அதுவரை வாசிக்கவில்லை. பாதியிலேயே போனைக் கவிழ்த்துவைத்துவிட்டேன். பத்தே நாளில் அக்காவின் முகம் முழுக்கச் சிவந்து வீங்கியது. பொடிப் பொடியாகச் சீழ்க் கொப்புளங்கள். அந்த மெலிந்த தோலின் மேல் என் ஃபேஸ்வாஷை வேறு தினமும் போட்டுக் கழுவியிருக்கிறாள், சீக்கிரம் ஆறட்டும் என்று. “எரியுதுடி, ஆனா எரிஞ்சாதான வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றாள்.

அடுப்பின் முன்னால் அவளால் நிற்க முடியவில்லை. கேஸைப் பற்றவைத்ததுமே மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கிறதென்றாள். ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு ரொட்டி சுட்டிருக்கிறாள். மேடம் துணியை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாராம். ஒட்டிக்கொள்கிற நோயா என்று கேட்டிருக்கிறார். டாக்டரைப் பார்த்துவிட்டு வா, அதுவரை சமைக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அக்கா அன்று மத்தியானமே வீடு திரும்பினாள். அந்த நேரத்தில் அவளை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லாத அம்மா, “இன்னாடி, லீவு உட்டாங்களா?” என்று கேட்டாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவராக இருப்பார். அக்காவின் முகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன கிரீம், எத்தனை வருஷம் என்று கேட்டார். பெயரை நான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். “தினமும் இப்படி எத்தனை முகம் பார்ப்பது நான்? யார் போடச் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா இந்தியில் சொல்லிவிட்டாள்: “யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் போட்டேன்.”

என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, மேடத்தைக் காப்பாற்றச் சொன்னாளா என்று தெரியவில்லை. டாக்டர் அதற்கப்புறம் என்னிடம்தான் பேசினார், படித்த பெண் என்பதால். இது ஒட்டிக்கொள்ளாது. எரிச்சல் குறைய ஒரு களிம்பு எழுதித் தருகிறேன். அது தவிர முகத்தில் சாதாரண மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன், வேறு எதுவும் கூடாது. அமிலம் கூடாது, தேய்க்கக் கூடாது, எலுமிச்சை கூடாது. மூக்கில் புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தோல் தேறியபின் அதைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதம் அடுப்புச் சூட்டில் நிற்கவே கூடாது.

“மூணு மாசமா?” என்றாள் அக்கா தமிழில், யாரிடமும் இல்லாமல்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மறைத்திருந்தாள். பெண்களுக்கு இலவசமாகத் தரும் பிங்க் டிக்கெட்டுகள் இரண்டும் அவள் கையில் இருந்தன. நான் சொன்னேன்.

“அக்கா, அந்த டியூப்புல இருந்ததுல பாதி எனக்குப் புரியல.”

“எந்த டியூப்பு?”

“மொத டியூப்பு. கரும்புள்ளி போவும், குழி மூடும்னு சொன்னேன்ல. அது அதுல எழுதல. நானா சொன்னது.”

அவள் துப்பட்டாவை விலக்கவில்லை. ஒரு சிக்னல் வந்து, பஸ் நின்று, மறுபடி கிளம்பியது.

“செவப்பா ஒரு கட்டம் இருந்துச்சே. அதுக்குள்ள இன்னா எழுதியிருந்துச்சு?”

“டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு.”

“அது புரிஞ்சுதா ஒனக்கு?”

“புரிஞ்சுது.”

“அதான் நீ போட்டுக்கலியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாசனை பற்றிச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அவள் ஒரு டிக்கெட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, முன்னால் காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நரேலா வரும்வரை அவள் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருப்பேன். என் தட்டில் சோறு இருந்தது, என் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. பேச்சு மட்டும் இல்லை. அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். முடிவில், “தெரியலன்னு சொன்னா எங்க கொறஞ்சிப்பூடுவ?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாலாவது நாள் மேடம் போன் செய்தார். ஒட்டாத நோய் என்றதும் அவர் குரல் இளகியது. ஆனால் மூன்று மாதம் சமையல் ஆள் இல்லாமல் இருக்க முடியாது, ஒரு பத்லி அனுப்பு, இல்லையென்றால் நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கோட்டி வேலையில் இது வழக்கம். பிரசவம், ஊர்ப்பயணம், காய்ச்சல் எதுவானாலும் தன் இடத்தில் ஒருத்தியை அனுப்பி வீட்டைப் பிடித்துவைக்க வேண்டும். அப்படிப் போகிறவள்தான் பத்லி. ஆனால் பத்லியாகப் போனவளே அந்த வீட்டில் தங்கிவிடுவதும் உண்டு. கேம்ப்பில் நடந்த பாதிச் சண்டைகள் அதனால்தான்.

“மூணாவது மாடியில கீறாளே, அவள அனுப்பலாம்” என்றாள் அம்மா.

“அவளா? அவ ராஜ்மா வெச்சா தெருவே மணக்கும்” என்றாள் அக்கா. “ஒரே மாசத்துல வூடு அவளுதாயிடும். அப்புறம் நான் மூஞ்சிய ஆத்திக்கினு எங்க போறது?”

“நான் போறேன்” என்றேன்.

அக்கா திரும்பினாள். முகம் முழுக்க வெள்ளையாக மாய்ஸ்சரைசர் பூசியிருந்தது. நடுவில் கண்கள் மட்டும் சிவந்து தெரிந்தன. மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது:

“நீ போய் அடுப்பாண்ட நிக்கறதுக்கா நான் இத்தினி வருசம் நின்னேன்?”

கோட்டி வாசல்களை நான் வெறுத்தேன். சின்ன வயதில் ஒருமுறை அம்மாவோடு போய், செருப்போடு உள்ளே வராதே என்று ஒரு சமையலறையின் பின்படியில் உட்கார வைக்கப்பட்டேன். அன்றிலிருந்து அப்படி ஒரு படியை மிதிக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தோடு ஒவ்வொரு வகுப்பாக ஏறி வந்தவள் நான். பட்டப்படிப்பு முடிந்து, ஒரு அலுவலகத்தில் கணினிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தேன். அது அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தது. போன் செய்து, அடுத்த பிரிவில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். மறைக்கவில்லை, கூட்டியோ குறைத்தோ சொல்லவுமில்லை.

அவள் எழுந்துபோய் மாவு டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பிறகு, “மாவு பெசையி பாக்கலாம்” என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் ஜன்னலுக்குப் பக்கத்தில், அடுப்புக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். குரலில் பழைய அன்பு இல்லை. புது ஆளிடம் வேலை ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. “சாருக்கு பிபி. தால்ல உப்பு போடறதுக்கு மிந்தி அவருக்குத் தனியா எட்த்து வெச்சிடு. ரொட்டி ஓரம் கருகக் கூடாது. மேடம் வந்து பின்னாடி நின்னா திரும்பிப் பாக்காத, கைய மட்டும் நிறுத்தாத. பேச்சுக் குட்த்தா பேசு, நீயா ஆரம்பிக்காத.” நான் சீரகத்தை எண்ணெயில் போட்டதும் புகை எழும்பியது. அவள் சட்டென்று முகத்தைத் துப்பட்டாவுக்குள் புதைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். நான் அடுப்பை அணைக்கப் போனேன். “அணைக்காத, கருவிடும். ஜல்தி, வெங்காயத்தப் போடு” என்றாள் துணிக்குள்ளிருந்து.

அவள் முகம் தேறுமா என்று டாக்டரை நான் மறுபடி தனியாகக் கேட்டேன். சிவப்பு குறையும், எரிச்சல் குறையும், மெலிந்த தோல் முழுசாகப் பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார். இதையும் அக்காவிடம் அப்படியே சொன்னேன். “உம்” என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதுவதற்கில்லை.

திங்கட்கிழமை காலை நரேலாவில் பஸ் ஏறினேன். அம்மா கீழே வரை வந்தாள், அக்கா வரவில்லை. காலனி கேட்டில் காவலாளி என்னை நிறுத்தி, எந்த வீடு, யார் அனுப்பியது என்று கேட்டார். சொன்னேன். வேலைக்கு வருகிறவர்களின் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அக்காவின் பெயருக்கு நேராக, இத்தனை வருடமும் அவரே எழுதிக்கொண்ட கிறுக்கலான கையெழுத்து பக்கம் பக்கமாக இருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, தேதியைப் போட்டு, அக்காவின் பெயரைத் திருத்தமாக எழுதினேன். அடைப்புக்குறிக்குள் பத்லி என்று போட்டு என் பெயரை எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் சமையல் என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.